பட்டுப்பாவாடைக் கூப்பன்

அந்தக் கூப்பனில் அச்சடித்திருந்த சிறுமியை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இரட்டைப் பின்னல், தலை கொள்ளாத மல்லிகை, ஒரு கையால் பாவாடையை விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எனக்கு அப்போது முன்பல் இரண்டு விழுந்து, புதிய பல் எட்டிப்பார்க்காமல் இருந்த சமயம். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் கட்டியிருந்த பாவாடை மயில்கழுத்து நிறம். தாளை இப்படிச் சாய்த்தால் பச்சை, அப்படிச் சாய்த்தால் நீலம். அந்த நிறத்துக்காக அவளுடைய பற்களை மன்னித்துவிட்டேன்.

கூப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தது பெரியம்மாவின் கையால். பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிற வீடு. தை மாதம் தன் மகளுக்குக் கல்யாணம் என்று, திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த மூன்று மாடி ஜவுளிக்கடையில் பட்டெடுத்தாள். பில்லோடு சேர்த்து இந்தக் கூப்பனைக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கொண்டுவந்து காட்டினால் சிறுமிகளுக்கான பட்டுப்பாவாடை சட்டை ஒன்று இலவசம், பொங்கலுக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தில் எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

"எங்க ஊட்ல இந்த அளவுக்கு யாரு இருக்காங்க? பாப்பாதான்" என்று பெரியம்மா அதை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள்.

அம்மா வாங்கிக்கொண்டது ஓர் அதிசயம் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெரியம்மா ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்தால், திரும்பிப் போகும்போது அந்தப் பையில் அம்மா தைத்த தலையணை உறையோ முறுக்கோ இருக்கும். வெறும் பையாக அது ஒருநாளும் ஊர் திரும்பியதில்லை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் வண்டி கவிழ்ந்து முழங்கால் உடைந்து, மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்தார். அம்மா ரவிக்கை தைத்து வீட்டை ஓட்டினாள். அக்காவிடம் கை நீட்டக்கூடாது என்பதில் மட்டும் முன்னைவிட இறுக்கமாகிவிட்டாள். கூப்பன் வேறு விஷயம். அதை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. கடை கொடுத்தது. கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு, பெரியம்மா மகளுக்கு, முன்னால் தாம்பாளம் ஏந்தி நடக்கும் வேலை எனக்கு என்று முடிவாகியிருந்தது. அதற்குப் போட்டுக்கொள்ள என்னிடம் இருந்தது பள்ளிச் சீருடையும், கை இறுகிப்போன இரண்டு கவுனும்.

கூப்பனை சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பள்ளியில் மலைகளும் சமவெளிகளும் நடத்தும்போது எனக்கு மட்டும் அந்தப் பக்கங்களுக்கு இடையில் மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஆறு ஓடும். வீட்டுக்கு வந்து படுத்தால், நான் பாவாடை கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் போவேன். அடி அண்ணாமலை தாண்டியதும் பாவாடை காற்றில் உப்பும். கால் தரையில் படாது. எல்லோரும் மலையைச் சுற்றிக்கொண்டிருக்க, என்னைப் பார்ப்பதற்காக மலை மெதுவாகத் திரும்பிக்கொண்டே வரும். இந்த இடம் வந்ததும் தூங்கிவிடுவேன்.

முதல் தடவை அம்மாவும் நானும் எங்கள் வீடு இருந்த வேங்கிக்காலிலிருந்து டவுன் பஸ் ஏறிப் போனோம். பட்டுப்பிரிவு மூன்றாவது மாடி. உள்ளே நுழைந்ததும் குளிர் காதைத் தொட்டது. சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் நின்றுகொண்டிருந்தேன். தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு நீலக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதன் வழியாகப் பார்த்தால் கோபுரமும் மலையும் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல இருந்தன. கோபுரத்தைச் சுற்றிப் பறந்த புறாக்கள் மீன்கள். அந்த மாடியிலேயே குடியிருக்கலாம் என்று தோன்றியது.

முழங்கால் உயரத்தில் ஒரு நீள மேடை. மேலே மெத்தை, அதன் மேல் வெள்ளைத்துணி. வாங்க வருபவர்கள் மேடையில் உட்கார, பின்பக்கம் நின்று விற்பனைப் பெண்கள் குனிந்து குனிந்து புடவை விரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் புடவை, தோளில் பெயருக்குப் பதில் எண் எழுதிய வில்லை. எங்களுக்கு வாய்த்தவள் பதினேழாம் எண். மூக்குத்தி போட்ட, மெலிந்த ஓர் அக்கா. அம்மா கூப்பனைக் காட்டியதும், அதுவரை இருந்த சிரிப்பை வேறு எங்கோ பத்திரமாக எடுத்து வைத்தவள்போல ஆனாள்.

"இந்த வாரம் பௌர்ணமிங்க. கூட்டம் ஜாஸ்தி. கூப்பன் எடுக்க மாட்டாங்க. பௌர்ணமி கழிச்சு வாங்க."

பௌர்ணமி கழிந்து போனோம். அதே அக்கா. பில் வேண்டும் என்றாள். பில் கீழ்பென்னாத்தூரில் இருந்தது. அதை வரவழைத்து எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை போனபோது பில்லை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "வாங்கனவங்க நேர்ல வரணுங்க" என்றாள்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றாள் அம்மா.

அந்த அக்கா நின்றபடியே ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டு, அடுத்து வந்த கும்பலைப் பார்த்து "வாங்கம்மா, கல்யாணத்துக்கா?" என்றாள். அம்மாவும் சண்டை போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ்ஸில் வெகுநேரம் கழித்து, "போவட்டும். நானே தெச்சிக் குடுக்கறேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்தாள். அரக்கு நிறம். அம்மாவிடம் இருந்த ஒரே பட்டு அதுதான். தையல் மெஷின் மேல் அதை விரித்து, என் இடுப்பிலிருந்து கால்வரை டேப் வைத்து அளந்தாள். கத்தரிக்கோல் பக்கத்தில் இருந்தது. கட்டிலில் இருந்த அப்பா சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வருத்தமெல்லாம் அரக்கு நிறம் பிடிக்காததில்தான். அம்மா கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று மடித்து வைத்தாள்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அப்பாவின் செல்போனை எடுத்துப் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அரக்கு எனக்கு வேண்டாம், மயில்கழுத்துதான் வேண்டும் என்பதைச் சொல்லத்தான் போட்டேன். வாங்கினவர்கள் நேரில் வரணுமாம் என்று சொன்னேன். அம்மா தன் கல்யாணப் புடவையை வெட்டப் போகிறாள் என்று, போகிறபோக்கில் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்தேன். பிறகு பெரியம்மாவின் குரல் வந்தது. "நான் வர்ற வரைக்கும் வெட்ட வேணாம்னு சொல்லு."

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில், நடவு ஆட்களைக்கூட விட்டுவிட்டுப் பெரியம்மா வந்தாள். அம்மாவுக்குத் தலைக்கு மேல் தையல் வேலை. எனவே நானும் பெரியம்மாவும் மட்டும் போனோம். மதியச் சாப்பாட்டு நேரம். மூன்றாவது மாடியில் கூட்டம் இல்லை. பதினேழாம் எண் அக்கா எங்களைப் பார்த்தாள். கூப்பனைப் பார்த்தாள். பில்லைப் பார்த்தாள். பெரியம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். இனி கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் இருக்காது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, "இந்த சைஸ் ஸ்டாக் இல்லம்மா" என்றாள்.

அவளுடைய தலைக்கு மேலேயே வரிசையாகப் பாவாடைகள் தொங்கின. மூன்றாவதாகத் தொங்கியது மயில்கழுத்து. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அது கூப்பன் அயிட்டம் இல்ல பாப்பா."

பெரியம்மா சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊரில் வரப்புத் தகராறில் அவள் குரல் ஏரிக்கரைவரை கேட்கும் என்று அப்பா சொல்வார். பெரியம்மாவோ மெத்தையில் சாவகாசமாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "சரிம்மா. வந்தது வந்துட்டேன். எனக்கு ஒரு பொடவ காட்டு" என்றாள்.

அக்கா ஒரு புடவையை விரித்தாள். கரை பெரிசு என்றாள் பெரியம்மா. இன்னொன்றை விரித்தாள். கரை சின்னது. அடுத்தது நிறம் மங்கல். அதற்கடுத்தது கண்ணைப் பறிக்கிறது. பெரியம்மா ஒன்றையும் வேண்டாம் என்று முகத்தைச் சுளித்துச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, முந்தானையை விரிக்கச் சொல்லி, தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்து, பெருமூச்சு விட்டு, "அந்தப் பக்கம் மேல் தட்டுல இன்னா இருக்குது?" என்று கேட்டாள். அக்கா ஸ்டூல் போட்டு ஏறினாள், இறங்கினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள்.

புடவைகள் மெத்தையில் ஏறிக்கொண்டே வந்தன. முதலில் என் கணுக்கால்வரை. பிறகு முழங்கால்வரை. நான் மெல்லச் சாய்ந்து படுத்தேன். புதுப்பட்டின் வாசனை மழைக்கு முந்திய மண்போலவும் இல்லை, பூப்போலவும் இல்லை. தலைக்கு மேல் ஒவ்வொரு புடவையும் ஒரு நொடி காற்றில் நின்று, வெளிச்சத்தை வடிகட்டிவிட்டு இறங்கியது. ஒருமுறை அறை முழுக்கக் குங்குமமாக இருந்தது. ஒருமுறை இளம்பச்சை. ஜன்னலில் மலை தண்ணீருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நானும் தண்ணீருக்குள்தான் இருந்தேன். பேச்சுக் குரல்கள் மேலே எங்கோ, கரையில் கேட்டன.

"உக்காந்துதான் காட்டேம்மா. காலு வலிக்கும்" என்றது பெரியம்மாவின் குரல்.

"உக்காரக் கூடாதும்மா. காலையிலேர்ந்து மூடற வரைக்கும் நின்னுதான்."

இன்னும் இரண்டு புடவைகள் இறங்கிய பிறகு அந்த அக்கா குனிந்து, ஒரு கரையைச் சுட்டிக்காட்டுகிற பாவனையில் சொன்னாள். "நீங்க பொடவ எடுக்க வரல இல்ல?"

"இல்ல. நீ பாவாட குடுக்கற வரைக்கும் பாத்துக்கினே இருப்பேன்."

அக்கா சிரித்தாள். எனக்குத் தெரிந்து அந்தக் கடையில் அவள் நிஜமாகச் சிரித்தது அந்த ஒரு முறைதான். சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னும் தாழ்ந்த குரலில் பேசினாள். "எங்களுக்குச் சொல்லி வெச்சிருக்காங்கம்மா. மூணு நாலு வாட்டி அலைய வுட்டா அப்பறம் வர மாட்டாங்கன்னு. நானா குடுத்துட்டா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க. நாலு மணிக்கு சின்ன மொதலாளி வருவாரு. ஜனம் இருக்கறப்ப அவர்கிட்ட கேளுங்க. நாலு பேர் முன்னால இல்லன்னு சொல்ல மாட்டாரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா."

இவ்வளவும் என் காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. அந்த மூன்றாவது பாவாடையின் சரிகையில் இருப்பது மாங்காயா அன்னமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மாடி நிரம்பிவிட்டது. பொங்கல் கூட்டம். சின்ன முதலாளி வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. பெரியம்மா எழுந்து நின்றாள். இப்போதுதான் அந்த வரப்புக் குரல் வெளியே வந்தது.

"தம்பி, உங்க கடை குடுத்த கூப்பன்தான் இது. கடைசி நாளு நெருங்கிடிச்சி. கொழந்தைக்கு ஒரு பாவாட எடுத்துக்கலாமா கூடாதா?"

கண்ணாடிகளுக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்ன முதலாளி கூப்பனைக் கையில் வாங்கிப் படித்தார்.

"இதுல இன்னாம்மா இருக்குது கேக்கறதுக்கு? தாராளமா எடுத்துக்கோங்க. பாப்பாவுக்கு எது புடிச்சிருக்கு?"

மூன்றாவது பாவாடை இறங்கி வந்தது. சரிகையில் இருந்தவை அன்னங்கள். அவற்றை நான் எண்ணத் தொடங்கியபோது அவர் பதினேழாம் எண் பக்கம் திரும்பினார். சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறியது.

"ஏம்மா, கஸ்டமர இப்டியா அலைய வுடுவ? இதுல இருக்கற எழுத்து தெரியல உனக்கு? படிக்கத் தெரியுமா தெரியாதா? கடை பேரக் கெடுக்கறதுக்குன்னே வந்து சேர்றீங்க."

"சாரி சார்" என்றாள் அக்கா.

"என்கிட்ட இன்னா சாரி? அவங்ககிட்ட சொல்லு."

அக்கா பெரியம்மாவின் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு, "சாரிம்மா" என்றாள். கூட்டத்தில் யாரோ ஓர் அம்மாள், "நல்லா கேளுங்க சார், இதுங்களுக்குத் திமிரு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. மூன்று முறை எங்களைத் திருப்பி அனுப்பியவள், என் அம்மாவுக்குப் பதில் சொல்லாதவள். நான் பாவாடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பல் இல்லாத வாயைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் பார்த்தாள்.

பெரியம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

"இதெல்லாம் மடிச்சி அடுக்கிட்டுத்தான் நீ இன்னிக்கிக் கெளம்பணும்" என்று மெத்தையில் குவிந்திருந்த புடவை மலையைக் காட்டிவிட்டுச் சின்ன முதலாளி கீழ் மாடிக்கு இறங்கிப் போனார்.

பாவாடையைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் காட்ட எனக்குக் கால் பறந்தது. பெரியம்மா கிளம்பவில்லை. கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, குவியலிலிருந்து ஒரு புடவையின் இரண்டு முனைகளைத் தேடி எடுத்தாள்.

"வேணாம்மா. கேமரா இருக்குது" என்றாள் அக்கா.

"இருக்கட்டும். பிரிச்சுப் போடச் சொன்னது நான்தான?"

மறுமுனையை அக்கா பிடித்தாள். இருவரும் புடவையை நீளமாக இழுத்துப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். விலகினார்கள், மறுபடி சேர்ந்தார்கள். ஊதா, வாடாமல்லி, இலைப்பச்சை என்று ஒவ்வொன்றும் காற்றில் நீண்டு, பாதியாகி, கால்வாசியாகி, கையளவுச் சதுரமானது. ஒவ்வொரு முறை அருகில் வரும்போதும் பெரியம்மா அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தை நிமிர்த்தவில்லை. ஒருமுறை மட்டும் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜலதோஷம் என்று நினைத்தேன். அந்தக் குளிரில் யாருக்கும் வரும்.

நான் எரிச்சலோடு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீலக் கண்ணாடிக்குப் பின்னால் கோபுர விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. இன்னும் ஏதோ ஓர் இலவசத்துக்கு அடி போடுகிறாள் பெரியம்மா என்றுதான் எனக்குப் பட்டது. குவியலில் பாதி குறைந்ததும் அந்த அக்காவே, "இருட்டப் போவுது, கொழந்தையக் கூட்டிக்கினு போங்கம்மா" என்று சொல்லிப் பெரியம்மாவின் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டாள்.

கல்யாணத்தில் நான் தாம்பாளம் ஏந்தி நடந்தேன். அம்மாவின் அரக்குப் புடவை இன்றும் முழுசாக இருக்கிறது. பெரியம்மா ஒரு பாவாடையை விலை கொடுத்து வாங்கித் தந்திருந்தால் அம்மா அதைத் தொட்டிருக்க மாட்டாள் என்பதும், கூப்பன் செல்லாமல் போனால் அக்கா தங்கை இருவருக்கும் வேறு வழியே இல்லை என்பதும் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அந்த மூன்றாவது மாடி விளங்க இன்னும் நாளாயிற்று. இப்போது நான் ஒரு செல்போன் சேவை மையத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வாரண்டி இருக்கிற போனைக் கொண்டுவருபவர்களிடம் முதல் முறை என்ன சொல்ல வேண்டும், இரண்டாம் முறை என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் அதைச் சொல்கிறேன். நான்காம் முறையும் வருகிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பழக்கமானது. அதே பார்வையை நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அன்றைய தினம் இதெதுவும் தெரியாமல் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பை என் மடியில். பஸ் மத்திய பேருந்து நிலையம் தாண்டியதும், ஒன்றாக அனுபவிக்க வேண்டிய சந்தோஷம் ஆயிற்றே என்று பெரியம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"அந்த அக்கா நல்லா திட்டு வாங்கனாங்க இல்ல பெரியம்மா?"

பெரியம்மா முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மூடிய கண்ணின் ஓரம் ஈரமாக இருந்தது. டீசல் புகை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது என்று நினைத்தேன். பாவம் என்று தோன்றியது. எனக்கு ஜன்னலோரம் என்றால் உயிர். ஆனாலும் எழுந்து, பெரியம்மாவை நகர்த்தி, என் இடத்தை அவளுக்குக் கொடுத்தேன்.